நீர் கோத்த விழித்திரை: திருப்பூர்ச் சாயப்பட்டறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 42. திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவர். பார்ட்டி கொடுத்த சாம்பிளின் நிறமும் மெஷினிலிருந்து வந்த லாட்டின் நிறமும் ஒத்துப்போகிறதா என்று லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்து ‘ஓகே’ சொல்வதோ திருப்பி அனுப்புவதோ இவர் பொறுப்பு. அந்தத் தொழிலில் கம்ப்யூட்டர் வந்து வெகு நாளாகிவிட்டது. ஆனாலும் கடைசி வார்த்தை மனிதக் கண்ணுடையதுதான் என்கிறார்கள். அந்தக் கண்களில் ஒன்று மங்கி இவர் என்னிடம் வந்தார்.

அவருக்கு வந்திருந்த நோயை நாங்கள் சுருக்கமாக சிஎஸ்ஆர் என்போம். முழுப்பெயர் சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி. விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும் நோய். இது அபூர்வமானதல்ல, விழித்திரைப் பிரிவில் உட்காரும் எவரும் அடிக்கடி பார்ப்பது. நோயைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. நீர் ஏன் வற்றவில்லை என்பதற்கு விடை கிடைக்கத்தான் மூன்று மாதம் பிடித்தது. அதற்காகத்தான் எழுதுகிறேன். அவர் சம்மதம் சொல்லியிருக்கிறார். பெயரும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களும் இதில் இல்லை.

வந்தபோது சொன்னது

“வலது கண்ல நடுவால ஒரு வட்டமுங்க. காலைல எந்திரிச்சுச் சுவத்தப் பார்த்தா நல்லாத் தெரியுதுங்க, தண்ணி பட்ட காயிதமாட்ட” என்றார். ஆறு வாரமாக இப்படி. வலது கண்ணால் மட்டும் பார்த்தால் ஆட்களின் முகம் கொஞ்சம் சிறுத்துத் தெரிகிறது, கதவு நிலை நடுவில் உள்வாங்கி வளைகிறது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, பூளை கிடையாது.

ஆறு வாரம் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம், முதலில் சந்தேகப்பட்டது அவரில்லை, லேபில் இருக்கும் பையன். எலுமிச்சை மஞ்சளில் ஒரு லாட்டுக்கு இவர் ஓகே சொல்ல, “மாஸ்டர், இது சாம்பிளவிடத் தூக்கலா இருக்குதுங்களே” என்று அவன் இழுத்திருக்கிறான். இவருக்கு அப்போது கோபம்தான் வந்தது. அதே வாரத்தில் ஒரு நாள் முகம் கழுவும்போது இடது கண்ணில் சோப்பு பட்டு அதை மூடிக்கொண்டு துண்டைத் தேடியபோதுதான், துண்டின் நடுப்பகுதி கலங்கலாக இருப்பதைக் கண்டிருக்கிறார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கும்வரை நல்ல கண்ணின் படத்தையே மூளை பெரிதாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு கண்ணில் மட்டும் வரும் இந்த நோய் பல வாரம் தெரியாமலே கிடக்கும். நிறத்தையே பிழைப்பாகக் கொண்டவருக்கும் அப்படித்தான் கிடந்திருக்கிறது.

முதலில் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் டெஸ்டில் வலது கண்ணுக்கு +1.00 வந்தது, கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். ‘கொஞ்சம் தெளிவு, ஆனா வட்டம் போகலை.’ அடுத்து வேறொரு மருத்துவரிடம். கண் நரம்பில் அழற்சி இருக்கலாம் என்று கருதி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார். பத்தாவது நாள் வட்டம் பெரிதாகிவிட, மாத்திரை அட்டையோடு இங்கே வந்து சேர்ந்தார்.

மற்ற விவரங்கள்: சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் பார்த்ததே இல்லை; அன்றைக்கு 150/94. ஆர்டர் நெருக்கடியில் பெரும்பாலான நாள் ஒன்றரை ஷிப்ட், வாரத்தில் இரண்டு மூன்று இரவு முழு விழிப்பு. புகை இல்லை. மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, மூட்டில் ஊசி, மூட்டுவலிக்குப் பொட்டலப் பொடி, தோலுக்குக் களிம்பு என ஸ்டீராய்டு ஒளிந்திருக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் “இல்லீங்க.”

பரிசோதனை

வலது கண் பார்வை 6/18, +1.00 போட்டால் 6/9. இடது 6/6. கண்ணழுத்தம் வலது 17, இடது 16. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இந்த எண்ணைக் குறித்துவைக்காமல் விடுவதில்லை.

கண்மணியில் டார்ச் அடித்துப் பார்க்கும் சோதனைக்குச் செலவில்லை, அரை நிமிடம் போதும். ஒரு கண்ணின் நரம்பு பழுதாகியிருந்தால், ஒளியை நல்ல கண்ணிலிருந்து அதற்கு மாற்றும்போது கண்மணி சுருங்காமல் விரியும். இவருக்கு இரண்டும் சமமாகவே சுருங்கின. கண்ணைச் சுழற்றினாலும் வலி இல்லை. நரம்பு அழற்சியில் பெரும்பாலானவர்களுக்குச் சுழற்றும்போது வலிக்கும். இந்த இரண்டும் இல்லாதபோது நரம்பு என்று முடிவு கட்ட எனக்குக் கை வராது.

ஆம்ஸ்லர் கட்டத்தில் (சிறு சதுரங்கள் போட்ட சோதனை அட்டை) நடுக்கோடுகள் வளைந்தன, நடுப்புள்ளியைச் சுற்றிச் சாம்பல் நிறத் திட்டு. கண்ணுக்குள் பத்து விநாடி பிரகாசமான ஒளி காட்டிவிட்டு, எழுத்து மீண்டும் தெரிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தோம். இடது கண் அரை நிமிடத்தில் தேறியது. வலது கண்ணுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகியது. நரம்பு நோயில் இந்தத் தேறும் நேரம் பெரிதாக நீளாது, மாக்குலா என்னும் விழித்திரை நடுப்பகுதியின் நோயில்தான் நீளும்.

நிறச் சோதனை எனக்கு இந்த நிகழ்விலேயே சுவாரசியமான இடம். வழக்கமான இஷிஹாரா புள்ளி அட்டைகளை வலது கண்ணாலும் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாக வாசித்துவிட்டார். ‘நிறப்பார்வை இயல்பு’ என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அந்த அட்டைகள் சிவப்பு-பச்சைக் கோளாறைப் பிடிக்கச் செய்யப்பட்டவை. மாக்குலாவில் நீர் கோத்தால் பெரும்பாலும் பழுதாவது நீலம்-மஞ்சள் பக்கம். ஃபார்ன்ஸ்வொர்த் டி-15 என்ற சோதனையின் நிற வில்லைகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது அந்தப் பிசகு தெரிந்தது. அவரோ அதற்கும் முன்னாலேயே தன் பைக்குள்ளிருந்து ஷேடு கார்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்துவிட்டார். வலது கண்ணை மட்டும் திறந்துகொண்டு, “சிவப்பு, மெரூன், கரும்பச்சை எல்லாம் பரவால்லீங்க. இந்த லெமனு, இந்த கிரீமு, இந்த லேவண்டரு, மூணும் வெளுத்தாப்ல இருக்குதுங்க. லெமனும் கிரீமும் ஒண்ணாட்டவே இருக்குது” என்றார். டி-15 சொன்னதையே அவர் துணிப் பாஷையில் சொன்னார். எங்கள் வில்லைகளைவிட அவருடைய கார்டு நுணுக்கமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நரம்பு அழற்சிக்காரர் இதே கார்டைப் பார்த்திருந்தால் முதலில் சிவப்பைத்தான் மங்கல் என்று சொல்லியிருப்பார்.

லென்ஸ் வைத்து உள்ளே பார்த்தால், மாக்குலாவில் வட்டமாக ஒரு மேடு. நடுக்குழியின் பளபளப்பைக் காணோம். இரத்தக் கசிவில்லை, மஞ்சள் படிவில்லை, நரம்பு முனை சுத்தமாக இருந்தது.

படங்கள்

ஓசிடி எடுத்தோம். விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போலக் காட்டும் இந்தக் கருவி 1991இல் அறிமுகமானது. சிஎஸ்ஆரில் அது வந்த பிறகு ஊகத்துக்கு வேலையே குறைந்துவிட்டது. வலது கண்ணில் விழித்திரை தன் அடியிலுள்ள நிறமி அடுக்கைவிட்டு 310 மைக்ரான் (சுமார் 0.3 மில்லிமீட்டர்) மேலே தூக்கி நின்றது. இடையில் கறுப்பாக நீர். நீருக்குப் பக்கத்திலேயே நிறமி அடுக்கிலும் ஒரு சின்னப் புடைப்பு. அதற்கும் கீழே இரத்தக்குழாய்கள் நிறைந்த கோராய்டு 470 மைக்ரான் தடித்திருந்தது. இயல்பில் 250–300க்குள் இருப்பது. புகாரே இல்லாத இடது கண்ணிலும் கோராய்டு 430. நோய் காட்டியது ஒரு கண்ணில்தான், மண் ஈரமாக இருந்தது இரண்டிலும்.

கண்ணாடிக் கடையில் வந்த +1.00க்கும் இங்கே விடை கிடைத்தது. விழித்திரை முன்னால் தள்ளப்பட்டால் பிம்பம் அதன் பின்னால் விழும், அதைச் சரிக்கட்ட ப்ளஸ் பவர் வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3 டயாப்டர் என்று கணக்குப் போட்டால் 0.3 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1. கடைக்காரர் அளந்தது தவறில்லை, அளந்தது நீரின் உயரத்தை. நாற்பதை ஒட்டிய வயதில், ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று ப்ளஸ் பவர் முளைத்தால் கண்ணாடி போடும் முன் உள்ளே பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஃப்ளோரசீன் சாயத்தைக் கை நரம்பில் ஏற்றிப் படம் பிடித்தோம். மையத்திலிருந்து சுமார் 600 மைக்ரான் தள்ளி, மேல் மூக்குப் பக்கமாக, ஒரே ஒரு புள்ளியில் கசிவு. முதலில் ஊசிமுனை அளவு, நேரம் போகப் போக மை ஊறுவது போலப் பரவியது. பாடப்புத்தகங்களில் புகைபோக்கியிலிருந்து புகை எழுவது போன்ற வடிவத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். உண்மையில் அது சிலருக்குத்தான் வரும், அதிகம் காண்பது இந்த மைப்புள்ளிதான். சாயம் ஏற்றுமுன் ‘நாளைக்குவரை சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்’ என்றதற்கு, “எங்க பட்டறைல போற தண்ணியவா பார்க்காததுங்க” என்று சிரித்தார்.

வேறு எதுவாக இருக்கலாம் என்ற பட்டியலைச் சீக்கிரமே கடந்துவிடலாம். புதிய இரத்தக்குழாய் முளைத்திருந்தால் இரத்தமோ மஞ்சள் படிவோ எதிர்பார்ப்போம். சாயம் ஏற்றாமலே இரத்தக்குழாய்களைக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோவிலும் அதற்கான அடையாளம் இல்லை. நரம்பு முனையில் பிறவிக் குழி இல்லை. விகேஹெச் என்ற அழற்சி நோய் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், தலைவலி, காதில் இரைச்சல் என்று கூட்டாளிகளோடு வரும். சர்க்கரையால் வரும் வீக்கம் விழித்திரைக்குள்ளேயே ஊறும், அடியில் குளம் கட்டிச் சுத்தமாக நிற்காது. 150/94 என்ற அழுத்தம் இந்தப் படத்தைத் தனியாக உண்டாக்கப் போதாது.

ஏன் நீர் கோக்கிறது

இந்நோயை 1866இல் முதலில் விவரித்தவர் பெர்லினின் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே. கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை ஃப்ளோரசீன் படங்களின் துணையோடு 1967இல் தெளிவாக்கியவர் அமெரிக்கரான டொனால்டு காஸ். ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் கோராய்டிலிருந்து வருகிறது. நடுவிலுள்ள நிறமி அடுக்கு அதைத் தடுத்து, வந்ததையும் திருப்பி இறைத்துக்கொண்டிருக்கும் காரை. அந்தக் காரையில் ஓரிடம் விட்டால் மேலே விழித்திரை உப்பும். உப்பிய இடத்தில் ஒளியை வாங்கும் செல்கள் தங்களுக்குச் சோறு போடும் அடுக்கைவிட்டு விலகி நிற்கின்றன. சில வாரம் தாங்கும். நான்கு மாதத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கும்.

பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம். வயது பெரும்பாலும் 30 முதல் 50 வரை. மன அழுத்தம், தூக்கக் கேடு, உயர் இரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சு நின்று வரும் தூக்கம், பெண்களுக்குக் கர்ப்பகாலம், இவற்றோடெல்லாம் தொடர்பு கண்டிருக்கிறார்கள். ‘எல்லாவற்றிலும் முந்த வேண்டும், எதற்கும் பொறுக்கக்கூடாது’ என்ற குணக்காரர்களுக்கு அதிகம் என்று 1987இல் அமெரிக்கக் கண் மருத்துவர் யானுஸி எழுதினார். அது முழுக்க நிற்கும் கருத்தா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஆளின் அவசரம் அவருடைய குணமா, கூலி முறையா என்று யார் பிரித்துச் சொல்வது?

காரணங்களில் பலமான ஆதாரம் உள்ளது ஸ்டீராய்டுக்குத்தான். விழுங்கினாலும், ஊசியாகப் போட்டாலும், உறிஞ்சினாலும், மூக்கில் அடித்தாலும், தோலில் பூசினாலும் வரலாம். உடம்பின் மற்ற அழற்சி நோய்களில் வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து, இங்கே மட்டும் நீரை ஏற்றிவிடுகிறது. ஆகவே நரம்பு அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், நோயாளிக்குப் பயனில்லை என்பதோடு முடியாது. முன்பு இவரைப் பார்த்தவரை நான் குறை சொல்ல வரவில்லை. ஓசிடி இல்லாத இடத்தில், கண்மணியை விரிக்காமல் பார்த்தால் இந்த மேடு கண்ணுக்கு எட்டாமல் போவது உண்டு.

முதல் மூன்று மாதம்

ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தினோம். பத்து நாள்தான் என்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தவரிடமும் பேசிவிட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். (மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது. உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுபவர்களுக்கும் அதேதான்.)

வேறு மருந்து எதுவும் தரவில்லை. இது நோயாளிகளுக்கு ஏற்கக் கஷ்டமானது. “சொட்டு மருந்தாவது எழுதிக் குடுங்க” என்று கேட்டார். இந்த நோயில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் நீர் தானாகவே வற்றும். முதல் தாக்குதலுக்குக் காத்திருப்பதுதான் வைத்தியம். இரத்த அழுத்தத்துக்குப் பொதுமருத்துவர் மாத்திரை தொடங்கினார். இரவு வேலையைக் குறைக்க முடியுமா என்று கேட்டதற்கு, இரண்டாவது மாதத்திலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார்.

முதல் மாத முடிவில் ஓசிடியில் நீர் 310லிருந்து 180 மைக்ரானாக இறங்கியிருந்தது. நல்ல அறிகுறி. இரண்டாவது மாதம் 190. மூன்றாவது மாதம் 240. மாத்திரையை நிறுத்தி, அழுத்தம் 130/84க்கு வந்து, இரவு விழிப்பும் நின்ற பிறகு நீர் இறங்குவதற்குப் பதிலாக ஏறுகிறது. எதிலோ இன்னும் ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கிறது என்பதே என் சந்தேகம். பட்டியலை மறுபடி கேட்டேன். பதில் மறுபடியும் “இல்லீங்க.”

எப்லெரினோன் மாத்திரை தரலாமா என்று யோசித்தேன். சில ஆண்டுகள் முன்பு எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த மருந்து அது. கோராய்டிலுள்ள ஒரு ஹார்மோன் ஏற்பியை ஸ்டீராய்டு தூண்டுவதால்தான் குழாய்கள் விரிந்து கசிகின்றன, அந்த ஏற்பியை அடைத்தால் போதும் என்ற கருத்தில் வந்தது. கேட்க நன்றாக இருந்தது. 2020இல் இங்கிலாந்தின் விசி ஆய்வு, நாள்பட்ட சிஎஸ்ஆரில் அது வெற்று மாத்திரையைவிடப் பார்வையைக் கூட்டவில்லை என்று காட்டியது. அதன் பிறகு நான் எழுதுவதில்லை.

மிச்சம் லேசர். கசியும் புள்ளி மையத்திலிருந்து 600 மைக்ரான் தள்ளி இருப்பதால் அங்கே சூடு வைக்க முடியும். நீரும் விரைவில் வற்றும். விலை, அந்த இடத்தில் ஒரு சிறு தழும்பும், அதற்குரிய ஒரு புள்ளிக் குருடும், அபூர்வமாகத் தழும்பிலிருந்து புதுக் குழாய் முளைப்பதும். ஒளி பட்டால் வேலை செய்யும் வெர்டிபோர்ஃபின் மருந்தை அரை அளவு ஏற்றிச் செய்யும் ஒளிச் சிகிச்சைதான் நாள்பட்ட நோயில் நல்ல பலன் தருவது. விட்டுவிட்டுத் துடிப்பாகப் பாய்ச்சும் மைக்ரோபல்ஸ் லேசரைவிட அது மேல் என்று 2018இல் வெளிவந்த ப்ளேஸ் ஆய்வும் காட்டியது. ஆனால் அந்த மருந்தின் விலையும் உலகம் முழுக்க அதற்கு ஏற்பட்ட தட்டுப்பாடும் இங்கே எல்லோருக்கும் எட்டும்படி விடவில்லை. மையத்தைத் தாண்டி நிற்கும் ஒற்றைப் புள்ளிக்குச் சாதாரண லேசரே போதும் என்று நாள் குறித்தோம்.

டியூப்

லேசருக்கு வந்த அன்று மனைவியும் கூட வந்திருந்தார். அதுவரை அவர் தனியாகத்தான் வருவார். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, மருந்து எதுவும் எடுக்கவில்லை என்ற வரியில் அந்த அம்மா நிறுத்தினார்.

“ஏனுங், படைக்குப் போடறீங்களே, அதச் சொல்லலீங்களா?”

அவர் முகம் திரும்பிக்கொண்டது. “அது மருந்துங்களா? மெடிக்கல்ல வாங்கறதுதானே. இதுக்கும் கண்ணுக்கும் என்ன சோலி?”

சாயப்பட்டறையில் சூடும் ஈரமும் ஓயாது. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய டியூப். பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், விட்டால் முன்னைவிடப் பரவும், மறுபடி பூசுவார். தினம் இரண்டு வேளை, அகலமாக. வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே டியூப்தான். அந்த அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார், வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டி முக்கால்வாசி தீர்ந்தது. அட்டையில் பூஞ்சை மருந்தின் பெயர் பெரிதாக. அடியில், மடிப்பில் பாதி மறைந்த சிற்றெழுத்தில், குளோபெட்டசால் புரோப்பியோனேட். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே உச்ச வீரியம் கொண்ட வகை. தொடை இடுக்கு போன்ற மெல்லிய, ஈரமான தோல் வழியாக அது உடம்புக்குள் இறங்குவதும் அதிகம்.

களிம்பு என்று நான் கேட்டபோது அவருக்கு இது நினைவுக்கு வராமல் இல்லை என்பது பிறகு பேசியதில் புரிந்தது. இடம் அப்படி. சொல்லக் கூசியிருக்கிறார். நர்ஸ் பக்கத்தில் நின்றதும் ஒரு காரணம். தோலைப் பார்த்தபோது பிரசவ வரிகள் போலச் செந்நிறக் கோடுகள் ஓடியிருந்தன.

ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு பட்டியலை இறுக்கியது. கவுண்டரில் நடப்பது வேறு. தோல் மருத்துவர்களைக் கேட்டால் இதனால் குணமாகாமல் திரும்பத் திரும்ப வரும் படர்தாமரையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கண் மருத்துவர்களாகிய நாங்கள் அதிகம் பேசுவதில்லை. நம் பக்கம் இதுவரை நான் கவனித்த மட்டில், சிஎஸ்ஆர் நோயாளிகளிடம் மாத்திரையையும் ஊசியையும் விட அதிகமாக மறைந்து கிடப்பது இந்தக் களிம்புதான். பனியன் கம்பெனி, பவுண்டரி, கோழிப்பண்ணை, அரிசி ஆலை என்று வேர்த்து வேலை செய்கிறவர்கள் நிறைந்த ஊர். இப்போது ‘களிம்பு போடறீங்களா’ என்று கேட்பதில்லை. ‘அரிப்பு, படை ஏதாவது இருக்குதுங்களா’ என்று தனியாக உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, இருக்கிறது என்றால் டியூபைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

லேசரைத் தள்ளிப்போட்டது

அன்று லேசர் செய்யவில்லை. இதில் மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டு. நோய் தொடங்கி நான்கு மாதத்தைத் தாண்டியிருந்தது, களிம்பை நிறுத்தியதோடு லேசரையும் முடித்திருக்கலாம் என்று சொல்லும் சக மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தது இரண்டு விஷயம். ஒன்று, நீரை ஏற்றிக்கொண்டிருக்கும் பொருள் கையில் கிடைத்துவிட்டது. இன்னொன்று, மையத்துக்கு அருகே ஒரு தழும்பு இவருடைய தொழிலுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சேதம். ஆறு வாரம் கெடு வைத்தோம். அதற்குள் பாதிக்குமேல் வற்றாவிட்டால் லேசர்.

களிம்பை விட்டதும் தோல் மோசமாகும் என்று முதலிலேயே சொல்லி அனுப்பினேன். அப்படியே ஆயிற்று. பத்து நாளில் அரிப்பு தாளாமல் ஃபோன் செய்தார். தோல் மருத்துவர் பூஞ்சைக்கு மாத்திரையும், ஸ்டீராய்டு கலக்காத களிம்பும் கொடுத்து, வீட்டிலுள்ள எல்லோரையும் அழைத்து மருந்து கொடுத்தார். துண்டு, உள்ளாடைகளைத் தனியே துவைத்து வெயிலில் காயப்போடச் சொன்னதும் அவர்தான்.

ஆறாவது வாரம் நீர் 240லிருந்து 90. பன்னிரண்டாவது வாரம் ஓசிடியில் நீரே இல்லை, விழித்திரை தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பார்வை 6/6, கடைசி வரியில் இரண்டு எழுத்து தடுமாற்றத்தோடு. பவர் +0.25க்கு வந்துவிட்டதால் கடையில் போட்ட கண்ணாடி வீண். டி-15இல் ஓர் இடத்தில் மட்டும் பிசகு. நடுவில் ஒளி வாங்கும் செல்களின் வரிசையைக் காட்டும் கோடு ஓசிடியில் ஓரிடத்தில் மெலிந்திருக்கிறது. நீர் நின்ற காலத்தின் தடம் அது.

களிம்புதான் காரணம் என்று ஒரே நோயாளியை வைத்து நிறுவ முடியாது. இரத்த அழுத்த மாத்திரை முதல் மாதம், பகல் ஷிப்ட் இரண்டாம் மாதம், களிம்பை விட்டது நான்காம் மாதம். மூன்றும் அடுத்தடுத்து நடந்தவை. தானாக வற்றும் நோயும்கூட. ஆனாலும் மாத்திரையை நிறுத்தியதும் இறங்கி, பிறகு தேங்கி ஏறி, களிம்பை விட்டதும் ஒரே சீராக இறங்கிய எண்களைப் பார்த்தால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்க வேண்டியதில்லை.

இப்போது

வேலைக்குத் திரும்பிவிட்டார். லெமனும் கிரீமும் மறுபடி வேறு வேறாகத் தெரிகின்றன. மங்கிய வெளிச்சத்தில் மட்டும் வலது கண் ஒரு படி கீழேதான் என்கிறார். வெளிர் நிறங்களுக்கு ஓகே சொல்லும் முன் லேப் பையனையும் ஒருமுறை பார்க்கச் சொல்வதாக அவராகவே முடிவு செய்திருக்கிறார். பட்டறையிலும் ஒத்துக்கொண்டார்கள்.

குறட்டை அதிகம் என்று மனைவி சொன்னதால் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். இன்னும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் “அடுத்த மாசம் போறேனுங்க.”

சிஎஸ்ஆர் மீண்டும் வருவது சாதாரணம், மூன்றில் ஒருவருக்காவது வரும். இவருக்கு இடது கண்ணிலும் கோராய்டு தடித்திருக்கிறது. ஆகவே வாரம் ஒருமுறை, ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளை மற்ற கண்ணால் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கோடு வளைந்தாலோ கட்டம் சிறுத்தாலோ அன்றே வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கண்ணுக்கும் ஓசிடி. மறுபடி நீர் கண்டால் முதலில் புதுக் குழாய் முளைத்திருக்கிறதா என்று ஓசிடி ஆஞ்சியோ. முளைத்திருந்தால் மட்டும் கண்ணுக்குள் ஊசி. இல்லாவிட்டால் கசியும் இடத்தைப் பொறுத்து லேசரா ஒளிச் சிகிச்சையா என்று முடிவு செய்வோம், இந்த முறை போல நீண்ட காலம் காத்திருக்க மாட்டோம்.